ஆறு மணிப் பூட்டு

ஐரின் அன்ரியை நல்ல மனுஷி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான்கு வருடமாக அவருடைய வீட்டில் போடிங் இருக்கிறேன், அவர் சமைத்ததைச் சாப்பிடுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். கண்டி கெட்டம்பேயில் பெரிய ரோட்டிலிருந்து மேலே ஏறுகிற சிமெந்துப் படிகளின் கடைசியில் இருக்கிறது வீடு. முன்னால் ஓர் இரும்புக் கேட். பின்னேரம் ஆறு மணிக்கு அதில் ஆமைப்பூட்டு விழும். விழுந்த பிறகு ஆயரே படியேறி வந்து நின்றாலும் விடிந்த பிறகுதான் உள்ளே வரலாம்.

நான் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் ஷாமலா. டவுன் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். கூட வேலை செய்கிற டீச்சர்மார் கல்யாண வீடு, பிறந்தநாள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போய் இப்போது கூப்பிடுவதில்லை. ஒரே ஒரு தடவை அன்ரியிடம் வாதாடிப் பார்த்தேன். "இஷ்டம்னா இரு, இல்லாட்டி நடையக் கட்டு" என்றார். என் சம்பளத்துக்குக் கண்டியில் வேறு அறை எங்கே கிடைக்கும்? வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அன்ரி பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். கொன்வென்டில் படித்து, புத்தகக் கடையொன்றில் பில் போடுகிற வேலை பார்த்து, ரயில்வேயில் கிளாக்காக இருந்த அம்புறோஸைக் கட்டினார். பிள்ளைகள் இல்லை. வீடு கட்டி முடிந்ததும் இரண்டு அறைகளைக் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகளுக்கு விட்டார்கள். அந்தக் காலத்தில் கேட்டுக்குப் பூட்டே கிடையாது என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லுவார். அம்புறோஸ் அங்கிள் வெராண்டாவில் கிட்டார் வாசிப்பாராம். பிள்ளைகள் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் சத்தமாகக் கதைத்துக்கொண்டு படியேறுவார்களாம். எவ்வளவு பிந்தினாலும் அன்ரி அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பாராம். எந்த ஐரினைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

யுத்தம் முடிகிறதற்கு முந்திய வருடம், போடிங் பிள்ளை ஒன்றின் விஷயமாக அங்கிளைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் கிட்டாரைத் தொடவில்லை. கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார். அன்ரி எனக்குச் சொன்னது அவ்வளவுதான். யார் அந்தப் பிள்ளை, என்ன விஷயம் என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். அங்கிளின் படம் முன்னறைச் சுவரில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், ஒரே சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் இருக்கிறது. பூட்டு வந்தது அங்கிளைக் கொண்டுபோன கிழமைதான்.

இந்த வீட்டுக்குத்தான் நிறைமதி வந்து சேர்ந்தாள். பொள்ளாச்சிக்காரி. நாடகக் கலை படிக்கிறவள். ஒரு தவணை இங்கே படித்துவிட்டுப் போக வந்த பரிமாற்ற மாணவி. ஹொஸ்டலில் இடமில்லையென்று கெம்பஸ் ஒபிஸில் அன்ரியின் முகவரியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஊதா நிறத்தில் பெரிய சூட்கேஸ். படியில் அதைத் தூக்க நானும் கை கொடுத்தேன். மேலே வந்தவள், மூச்சு வாங்குகிறது அடங்குமுன்னே கேட்டாள்:

"ஆன்ட்டி, சண்டை நடந்தப்போ நீங்க எந்த முகாம்ல இருந்தீங்க?"

அன்ரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "முகாமா? நான் ரயில்வே கிளாக் பொண்டாட்டி. சப்பாத்த வெளியில கழட்டு."

அவளை எனக்கும் பிடிக்கவில்லை. காலையில் பாணும் பருப்பும் வைத்தால் "காலங்காத்தால பிரெட்டாங்க?" என்பாள். சிவப்பரிசிச் சோற்றை போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவாள். எதைக் கொடுத்தாலும் தேங்காய்ப்பால் கூடிவிட்டது என்று ஒரு முணுமுணுப்பு. இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் தாயோடு போனில் கதைக்கிறது எனக்கு அப்படியே கேட்கும். "ஒருத்தரும் சிரிக்கக்கூட மாட்டேங்கறாங்கம்மா" என்று அழுவாள். அழட்டும் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

கெம்பஸிலும் அவளை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், பகிடி சிங்களத்தில் நடக்கும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவள் சிரிப்பாளாம். கென்டீனில் தமிழ்க் குரல் கேட்கிற மேசையாகப் பார்த்துப் போனால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் "ஓம், இருங்கோ" என்று இடம் விட்டுவிட்டுத் தங்கள் கதையைத் தொடர்ந்தார்களாம். எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கும் அவள் வேற்றாள்தான். முதல் மாதம் பகல் சாப்பாட்டை நூலகத்துக்குப் பின்னால் ஒரு படியில் தனியாக இருந்து சாப்பிட்டாள்.

"இந்தியாக்காரி, இந்தியாக்காரின்னே சொல்றாங்கக்கா" என்று ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"பொறந்த ஊர்லயே எங்களையும் அப்பிடித்தான் சொல்றாங்க. ஒனக்காவது அது உண்மை" என்றேன்.

அதன் பிறகு என்னிடம் முறையிட வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நாடகம் வந்தது. மதுஷா என்ற கடைசி வருட மாணவி சிங்களம், தமிழ் இரண்டு மொழியிலும் ஒரு நாடகம் போடத் தொடங்கினாள். அதில் வாயே திறக்காமல் மேடை முழுவதும் நடந்து திரிகிற தபால்காரி ஒருத்தி வருகிறாள். பேச வேண்டியதில்லை என்பதால் யார் பாஷையும் தடையில்லை. நிறைமதியை அதற்கு எடுத்தார்கள். அன்றைக்கு அவள் சிவப்பரிசிச் சோற்றை இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டாள். கூட நடிக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கென்டீனில் அவளுக்கு உட்கார இப்போது ஒரு கதிரை இருந்தது. அந்த நாடகம் போனால் மறுபடியும் நூலகத்துப் படிதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் ஒத்திகை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிகிறது. பூட்டு விழுகிறது ஆறு மணிக்கு.

"ஆறு மணிக்குள்ள எப்படிங்க ஆன்ட்டி வர்றது? நாடகம்தானுங்களே எனக்குப் படிப்பே!"

"படிக்கிறவ பகல்ல படிக்கணும்."

முதல் நாள் எட்டு மணிக்கு வந்து கேட்டைத் தட்டினாள். அன்ரி வெராண்டா லைட்டை நிப்பாட்டினார். அவள் கீழ்வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி, மதிலைத் தாண்டி, சுடிதாரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மறுநாள் நான் பாடசாலைக்குப் புறப்படும்போது மதில் பக்கத்துக் கொய்யாக் கிளை தரையில் கிடந்தது. கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார் அன்ரி.

நிறைமதி வேறு அறை கேட்டு ஒபிஸுக்குப் போனாள். தவணை நடுவில் முகவரி மாற்ற முடியாது என்றார்கள். என்னிடம் வந்து சாவியை எடுத்துத் தரச் சொன்னாள். "என்னையும் சேத்து வெளியில போடவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். கடைசியில் ஒபிஸ் மிஸ் அன்ரிக்குப் போன் எடுத்து நீண்ட நேரம் கதைத்தார். அன்ரி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். சரியாக ஆறு மணிக்கு நிறைமதி எங்கே நிற்கிறாள் என்று போனில் சொல்ல வேண்டும். சொன்னால் எட்டு மணிக்கு ஒரே ஒரு தடவை கேட் திறக்கும்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குப் போன் அடிக்கும்.

"எங்க?"

"தியேட்டர்லங்க."

"யாரு கூட?"

"எல்லாரும் இருக்காங்க ஆன்ட்டி."

பட்டென்று வைத்துவிடுவார். எட்டு மணிக்குப் போய் அவள் முகத்தைப் பாராமலே திறப்பார். அவளும் இவர் முகத்தைப் பாராமலே உள்ளே போவாள். ஒரு வீட்டுக்குள் இப்படியும் இரண்டு பேர் இருக்கலாம் என்று அப்போதுதான் கண்டேன்.

நாடகத்துக்கு முந்திய கிழமை ஒருநாள் ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை. வேஷ உடுப்புப் போட்டு நடக்கிற முழு ஒத்திகை என்று மதுஷா எல்லோருடைய போனையும் நிப்பாட்டி வாங்கி ஒரு வாளிக்குள் போட்டுவிட்டாள். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்ரி வெராண்டாவில் நின்றார். இவர் அவளுக்குப் போன் எடுத்தார், நானும் எடுத்தேன், அவளுடைய போன் வேலை செய்யவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது.

"ரிகர்சல்லதான் இருப்பா அன்ரி. ஒரு பஸ்தானே, வாங்க போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

மகாவலி ஆற்றில் குதிக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "நானும் போகமாட்டேன். நீயும் கேட்டத் தாண்டக்கூடாது."

பிறகு அவளுடைய அறைக்குள் போனார். கட்டிலுக்கடியிலிருந்து அந்த ஊதா சூட்கேஸை இழுத்தார். அலுமாரியில் இருந்தது, கொடியில் காய்ந்தது, ஈரத் துவாய், பல் தூரிகை, தாயோடு எடுத்த படம், எல்லாவற்றையும் அள்ளித் திணித்தார். அறையில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"என்ன செய்றீங்க?"

"அவ இங்க இல்ல. அவ சாமானும் இங்க இருக்கக்கூடாது. ஓட்டோவக் கூப்புடு."

"எங்க போறீங்க?"

"பொலிஸுக்கு. அவங்க வர்றதுக்கு முந்தி நாம போகணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைத்தியமா என்று நேராகவே கேட்டேன். காதில் வாங்கவில்லை. அறுபத்தாறு வயதுக்காரி அந்தச் சூட்கேஸைத் தனியாகப் படியில் இழுத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்த பிறகு நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வேறு என்ன செய்வது?

பொலிஸில் இருந்த சார்ஜன்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அன்ரி சூட்கேஸை அவனுடைய மேசைக்கு முன்னால் வைத்து, சுத்தமான சிங்களத்தில் மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார். இந்தியப் பிள்ளை ஒன்று என் வீட்டில் இருந்தது. இன்று பகல் போனது. இப்போது என் வீட்டில் இல்லை. சாமான் எல்லாம் இதில் இருக்கிறது. அவள் எங்கே போனாள், யாரோடு போனாள் என்று எனக்குத் தெரியாது. அவள் எங்கள் ஆள் இல்லை.

"காணாமல் போய்விட்டாளா அம்மே?"

"அது எனக்குத் தெரியாது. என் வீட்டில் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்."

சார்ஜன்ட் சிரித்தான். "அம்மே, அதெல்லாம் யுத்தம் நடந்த காலம். இப்போது யார் இப்படி வந்து சொல்கிறார்கள்?" என்றான். சிரித்தாலும், வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் சும்மா விட அவனுக்குப் பயம். மேலிடத்துக்குப் போன் போட்டான். கெம்பஸுக்கு ஜீப் போனது. ஒத்திகையின் நடுவில், தபால்காரித் தொப்பியோடு மேடையில் நின்றவளை, எல்லோரும் பார்த்திருக்க ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சூட்கேஸைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. எங்கள் இருவரையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாமே மளமளவென்று நடந்தது. அவளுடைய ஊர்ப் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டது. இங்கே ஒபிஸ் பயந்துபோனது. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதியொன்றில் அவளைப் போட்டு, வகுப்பு முடிந்தால் நேரே விடுதி, தவணை முடியும் வரைக்கும் வேறெங்கும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தபால்காரி வேஷம் வேறொருத்திக்குப் போனது. பொலிஸ் ஜீப்பில் ஏறியவளோடு கென்டீனில் யார் இருப்பார்கள்? அந்தக் கதிரையும் போனது.

நாடகம் நடக்கிற அன்று பின்னேரம், வெராண்டா ஆணியில் விடுபட்டுப்போன மழைக்கோட்டை எடுக்க வந்தாள். விடுதியில் அதற்கு மட்டும் விட்டிருந்தார்கள். கேட் இன்னும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் உள்ளே காலை வைக்காமல் வெளியே நின்றாள். நான் மழைக்கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரி வெராண்டாவில் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு நாடகமுங்க ஆன்ட்டி" என்றாள் நிறைமதி. "என்னைப் புடிக்கலைன்னா வெளிய போன்னு சொல்லியிருக்கலாம். பயமா இருந்துச்சுன்னா தேடி வந்திருக்கலாம். ஒரே பஸ்ஸு. எட்டிப் பாத்திருந்தா நான் அங்கதானுங்க நின்னுட்டு இருந்தேன். ஒரு மனுசி தேடி வரமாட்டாங்களா?"

"தேடிப் போனவரு அந்தா இருக்காரு" என்றார் அன்ரி.

திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் அம்புறோஸ் அங்கிளின் படம் தெரிந்தது.

"சஞ்சீவனின்னு ஒரு புள்ள, யாழ்ப்பாணம். நீ இருந்த ரூம்லதான் இருந்துச்சு. ஒருநாள் பொழுது பட்டும் வரல. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாறேன்னு சட்டைய மாட்டிக்கிட்டுப் போனாரு. ரோட்டுல நிப்பாட்டி, யாரத் தேடுற, அவ ஒனக்கு யாருன்னு கேட்டாங்களாம். எங்க வீட்டுப் புள்ளன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான்." அன்ரி பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவ எட்டு மணிக்கு வந்து, சோறு தின்னுட்டுப் படுத்துட்டா. பஸ் லேட்டாம்."

நான்கு வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

நிறைமதி மழைக்கோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இரக்கம் ஒன்றும் தெரியவில்லை. "அதுக்கு நான் என்னங்க பண்ணேன்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல" என்றார் அன்ரி. "அவளும் ஒண்ணும் பண்ணல."

அவள் படியில் இறங்கிப் போனாள். அன்ரி கேட்டைச் சாத்தி ஆமைப்பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். ஆறு மணியாக இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் உள்ளேதான் நின்றேன்.