தஞ்சோங் டாவாயில் சுட்ட திருக்கை மீன்

எங்கள் ஊரான பீடோங்கிலிருந்து தஞ்சோங் டாவாய் என்னும் மீனவ ஊருக்குச் சென்று ஆற்றுமுகத்தில் மீன் உண்ண விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் சென்றது 2025 நவம்பர் 12, புதன்கிழமை. நாளைத் தேர்ந்தெடுத்தது நான். புரட்டாசி விரதமும் கந்த சஷ்டியும் முடிந்திருக்க வேண்டும். செவ்வாய், வெள்ளிகளில் என் மனைவி கமலா அசைவம் தொடமாட்டாள். சனி, ஞாயிறுகளில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எஞ்சியவற்றுள் புதனே உகந்தது.

பயணத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி மாதம் கமலாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, வலக்கை திரும்பவில்லை. இடக்கையால் உண்பதை எவர் கண்ணிலும் படவிடாமல், வீட்டில் அனைவரும் உண்டபின் அடுப்படியில் தனியே உண்டாள். திருமண வீடுகளிலிருந்து பசியோடு திரும்பினாள். உடல் இளைத்துக்கொண்டே வந்தது. அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே உணவு சுட்ட மீன். ஆனால் அது கடையில், பலர் நடுவே உண்ணும் உணவாயிற்றே.

எங்கள் பகுதியில் வாடகை வண்டி ஓட்டும் ரவி, மாலை ஐந்து மணிக்கு வந்தார். போகவர, காத்திருப்பும் சேர்த்து எண்பது ரிங்கிட். தூரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி மெர்போக் வழியாகச் சென்றால் நாற்பது நிமிடம். ஊர் வந்துவிட்டதைக் கருவாட்டு வாசமே அறிவித்துவிடும்.

கடைக்குச் சுவர் இல்லை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிக்கு ஒன்றாகப் பூனைகள். முகப்பில் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் மீன் வெந்துகொண்டிருந்தது. எவரும் நம்மை அவசரப்படுத்துவதில்லை. நான் இரண்டு நாற்காலிகளைத் துடைத்து, ஆடும் மேசையை ஒருமுறை மாற்றிய பின்பே அமர்ந்தோம். ரவியையும் உடன் உண்ணச் சொன்னோம். கடைக்காரரான மலாய் அம்மையாரை எல்லோரும் காக் ஸா, அதாவது ஸா அக்கா, என்று அழைத்தார்கள்.

முதலில் கெம்போங் எனப்படும் கானாங்கெளுத்தி மீன் வந்தது. நான் கமலாவுக்காக முள் எடுக்கத் தொடங்கினேன்.

“அங்கிள், நீங்க முள்ளு எடுக்கிற வேகத்துக்கு இந்த மீனு உயிர் வந்து நீந்திப் போயிடும் லா,” என்றார் ரவி.

கமலா சிரித்தாள், ஆனால் கைகள் மடியிலேயே இருந்தன. கரண்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“வேணாங்க. நாலு பேரு பாக்கிறாங்க. நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பார்சல் கட்டச் சொல்லுங்க.”

“வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆறிடும் ஆன்ட்டி. ஆறின மீன பூனைகூட தொடாது,” என்றார் ரவி. அவள் அசையவில்லை.

இதைத் தொலைவிலிருந்து பார்த்த காக் ஸா, வாழையிலையில் சுட்ட திருக்கையோடு வந்தார். மிளகாய் அரைப்பு அதன்மேல் கருகி மணத்தது. அருகே புளியும் வெங்காயமும் கரைத்த கிண்ணம். கைகழுவும் கெண்டியை எடுத்து, கமலாவின் இடக்கையை மெல்லப் பற்றி, அதன்மேல் நீர் ஊற்றினார். மலாய்க்காரர்களுக்கும் இடக்கை உணவில் படுவது ஆகாது. ஆயினும் அவர் முகத்தில் இரக்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. வருகிற எவருக்கும் ஊற்றுவது போலவே ஊற்றினார்.

“இதுல குத்துற முள்ளு இல்ல, ஒரு கை போதும்,” என்று மலாயில் சொல்லி, “மாக்கான், மாக்கான்,” என்று உண்ணச் சொல்லி இலையைத் தட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

கமலா ஈரக் கையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு இலையில் கை வைத்தாள். திருக்கையின் சதை நார் நாராகப் பிரிந்து வரும். அவள் விரல்களுக்கு அது இணங்கியது. புளிக்கரைசலில் தோய்த்து உண்டாள். மீண்டும் உண்டாள். அடுத்த மேசைக்காரர்கள் தங்கள் இறாலிலேயே மூழ்கியிருந்தார்கள். நான்காவது வாயின்போது, ஒரு பெரிய துண்டைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். இடக்கையால் உணவு பரிமாறலாகாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும்.

“என்னங்க பாக்கிறீங்க? சூடா சாப்பிடுங்க.”

உண்டேன். ஏறக்குறைய ஒன்பது மாதங்களுக்குப் பின் அவள் கையால் பரிமாறிய உணவு.

செல்வோர் கவனத்திற்கு: மூவருக்கும் சேர்த்து ஐம்பத்தெட்டு ரிங்கிட் ஆயிற்று. ஆறு மணிக்கு முன் சென்றால் ஆற்றோர மேசை கிடைக்கும். குச்சியில் கோத்த மாட்டிறைச்சிச் சாத்தேவும் அங்கே சுடுகிறார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் தங்கள் மீனைத் தனிக் கம்பிவலையில் சுடச் சொல்லலாம், முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். பற்களும் கைகளும் தளர்ந்தவர்கள் திருக்கையையே கேளுங்கள். கொசு மருந்து எடுத்துச் செல்லுங்கள்.

காக் ஸாவுக்கு நன்றி சொல்லச் சென்றேன். நான் மீனைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு, மறுநாள் நல்ல இறால் வரும் என்றார் அவர். நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்தே உண்கிறோம், பரிமாறுவது கமலா.