பிலோமினா டீச்சரை "நல்லவங்க"ன்னு எழுத மாட்டேன்

பிலோமினா டீச்சர் போய்ட்டாங்க. காலைல பல் தேய்ச்சிக்கினு இருந்தப்போ போன்... வாயில நுரையோட அப்படியே நின்னேன்.

பதினோரு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம். அவங்க தமிழ், நான் கணக்கு. நடுவுல ஒரு மேஜை, ஓயாத சண்டை.

வாய் கொப்பளிச்சிட்டு வர்றதுக்குள்ள பழைய ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ல கும்பிடு, மெழுகுவத்தி, ரோஜாப்பூ. கூடவே எனக்கு ஒரு வேலை. "சார், அஞ்சலி பேனருக்கு நீங்கதான் வாசகம் எழுதணும். நீங்கதான் நல்லா காமெடியா எழுதுவீங்க."

சாவு பேனருக்குக் காமெடி எழுதற ஆளாத்தான் என்னை வெச்சிருக்காங்க. சரி, போகட்டும்.

மாதிரிக்கு அவங்களே ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. "அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், நல்லவர்."

அதிர்ந்து பேசாதவரா? டீச்சர் பத்தாங்கிளாஸ்ல கத்தினா, நெய்வேலி சுரங்கத்து ஷிஃப்ட் சைரன் ஊதிடுச்சுன்னு பக்கத்து கிளாஸ்ல பையை மூட்டை கட்டுவாங்கய்யா!

இதை நான் எழுத மாட்டேன்னு குரூப்லயே போட்டுட்டேன். ஏன்னு இங்க சொல்றேன்.

டீச்சரோட கேள்வித்தாள்ல கடைசிக் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். கதை மாறும், ஆள் மாறும், கேள்வி மாறாது. "இவர் ஏன் அப்படிச் செய்தார்? 'நல்லவர்', 'கெட்டவர்' என்ற சொற்களைப் பயன்படுத்தாமல் எழுதுக."

பசங்க தவிச்சுப் போவாங்க. அந்த ரெண்டு வார்த்தையைப் பிடுங்கிட்டா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?

கதையில மாறுற பாத்திரம், மாறாத பாத்திரம்னு பாடம் நடத்தறப்போ உதாரணத்துக்கு என்னைத்தான் காட்டுவாங்க. "ஜன்னல் வழியா பாருங்க. கணக்கு சார். அதே சட்டை, அதே ஜோக்கு. கதை முடியற வரைக்கும் இப்படியேதான் இருப்பார்." ஒரு கிளாஸே திரும்பிப் பாத்து சிரிக்கும். நானும் கையாட்டுவேன்... அதே சட்டையில.

ஒரு வருஷம் அரையாண்டுத் தேர்வு சமயத்துல டீச்சருக்குக் கண் ஆபரேஷன். தமிழ் பேப்பர் கட்டைத் திருத்த நான் முன்வந்தேன். கைடு இருக்கு, சிவப்பு பேனா இருக்கு, வேற என்ன வேணும்னு ஒரு திமிரு.

துணைப்பாடக் கதையில ஒருத்தர் அண்ணன்கிட்ட சொல்லாம நிலத்தை வித்துக் கையெழுத்துப் போட்டுடுவார். ஏன் செய்தார்? கைடுல விடை: பேராசை.

மைன்ஸுக்கு நிலம் எடுத்துக்கினு இருந்த ஓரத்து ஊர்லேர்ந்து வர்ற ஒரு பொண்ணு வேற மாதிரி எழுதியிருந்துச்சு. "அவருக்குக் காசு ஆசை இல்லை. ஊரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசி ஆளாகத் தனியாக நிற்கப் பயந்துவிட்டார். சொன்னால் அண்ணன் அழுவார். அதைப் பார்க்க முடியாது என்றுதான் சொல்லவில்லை."

கைடுல இல்ல. முட்டை போட்டேன். நல்லா உருண்டையா, கணக்கு வாத்தியார் முட்டை.

டீச்சர் கருப்புக் கண்ணாடியோட திரும்பி வந்தாங்க. பேப்பரை மூக்குக்கிட்ட வெச்சுப் படிச்சாங்க.

"கணக்கு சார்... யாரு போட்ட முட்டை இது?"

"நான்தாங்க டீச்சர். கைடுல பேராசைன்னு இருந்துச்சு."

"கைடு எழுதினவன் நிலம் வித்திருக்கானா?"

"தெரியலிங்களே..."

"இந்தப் பொண்ணோட அப்பா வித்திருக்கார். யார்கிட்டயும் பேசாம வூட்டுக்குள்ளயே உக்காந்துகினு இருக்கார். ஏன், ஏன்னு யோசிச்சு யோசிச்சு இது எழுதியிருக்கு. நீங்க முட்டை போட்டுட்டீங்க."

எதுக்கும் ஒரு ஜோக் வெச்சிருப்பேன். அன்னிக்கு சிவப்பு பேனாவைத்தான் அவங்க பக்கம் நகர்த்தினேன்.

அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க. நான் கிளாஸுக்குப் போய், "எனக்கு நம்பர்தாம்மா தெரியும், ஆள் தெரியாது"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. "பரவால்லிங்க சார்"னுச்சு.

விஷயம் அப்போதைய தலைமையாசிரியர்கிட்ட போச்சு. "ஆன்சர் கீ-ல இல்லாததுக்கு மார்க் போட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க, குறைங்க"ன்னார். டீச்சர் முடியாதுன்னாங்க. விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சு.

அதுக்கு அவங்க எழுதின பதிலை எங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கொடுத்தாங்க. "தலைமையாசிரியருக்கு என்மேல் கோபம் இல்லை. அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். ஒரு விடைத்தாளைக்கூட யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறார். பயத்தில் செய்தது என்பதால் இந்த மெமோவை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மதிப்பெண்ணைக் குறைப்பதாகவும் இல்லை."

அவர் படிச்சார். ஃபைல்ல வெச்சுட்டார். அஞ்சு மார்க் அப்படியே நின்னுச்சு.

அதுக்காக டீச்சர் தங்கம்னு நெனச்சுடாதீங்க. வருஷா வருஷம் காடாம்புலியூர்லேர்ந்து பலாப்பழம் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம் பூரா சுளை கொடுப்பாங்க, பி.டி. சாருக்கு மட்டும் கிடையாது. அவர் எதிர்லயே மத்தவங்களுக்கு ரெண்டு ரெண்டா! ஏன்னு கேட்டா, "காரணம் இருக்கு, கண்டுபிடிங்க"ம்பாங்க. பதினோரு வருஷம் மோப்பம் பிடிச்சேன், கிடைக்கல. நானே கண்டுபிடிக்காத வம்பு நெய்வேலியில அது ஒண்ணுதான்.

இவங்களைப் போய் "நல்லவர்"னு ஒரே வார்த்தையில மூடச் சொன்னா?

வடலூர்ல பேனர் கடைக்காரர்கூட, "'அன்பின் சிகரம்' டிசைன் ரெடியா இருக்கு சார், போட்டோ மட்டும் மாத்தினா போதும்"னார். வேணாம்னேன்.

போட்டோ. பேரு. கீழ ஒரே வரி: "'நல்லவர்', 'கெட்டவர்' என்ற சொற்களைப் பயன்படுத்தாமல் எழுதுக."

குரூப்ல கொதிக்கறாங்க. சாவு வூட்டுல கொஸ்டின் பேப்பரான்னு. ஆமாங்க, கொஸ்டின் பேப்பர்தான். நாளைக்குக் காலைல மாதா கோயில் வாசல்ல நானே கட்டறேன். அவுக்கணும்னா, ஏன் அவுக்கறீங்கன்னு அஞ்சு வரி எழுதிக் கொடுத்துட்டு அவுத்துக்கலாம். திருத்தறதுக்கு நான் இருக்கேன். கைடு இல்லாமதான்.

இதை டீச்சர் வூட்டு எதிர்லேர்ந்துதான் எழுதறேன். பி.டி. சார் காலைலேர்ந்து வாசல்லயே நிக்கறார். சேர் போட்டும் உக்காரல.

ஏன்னு நான் கேக்கல.

போய்ட்டு வாங்க டீச்சர்...