பை போட்டுப் பிடித்த இடம்

“ஆண்டிபட்டி பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கத் தெரியாத புள்ள நீ. ஐரோப்பாவுல போயி என்னத்தப் படம் பிடிக்கப் போற, ஆத்தா?” என்று கேலி செய்தார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கேமராவுடன் தனியாகவே கிளம்பினேன்.

நான்கு ஊர்கள் சுற்றிவிட்டு வியன்னா ரயில் நிலையத்துக்கு வந்தேன். காத்திருக்கும் கூடத்தில் ஒரே ஓர் இருக்கைதான் காலி. அதில் பையைப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கூரையில் விழுந்த வெயிலைப் படமெடுக்க மாடிக்குப் போனேன். பாஸ்போர்ட் பைக்குள் இருந்தது.

பத்து நிமிடத்தில் திரும்பினால், கூடமே காலி. யாரும் நுழையாதபடி சுற்றிலும் நாடா கட்டியிருந்தார்கள். நாயுடன் நின்ற போலீஸார் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு என்று நினைத்துவிட்டார்கள்! ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே ஓடுவது? கையை உயர்த்தி, “என் பை” என்றேன்.

ஒரு பெண் அதிகாரி விசாரித்தார். “எங்கள் ஊரில் பை கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று அர்த்தம்” என்றேன் ஆங்கிலத்தில்.

“இங்கே ஆள் இல்லை என்று அர்த்தம்” என்றார், சிரிக்காமல். கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பையைத் தந்தார்.

போனில் சொன்னபோது சித்தப்பா பதறினார். “அங்கன போலீஸு உன்னை அடிச்சாகளா?” இல்லை என்றதும், “ஒத்தப் பையப் போட்டு ஸ்டேசனையே காலி பண்ணிட்டியே!” என்றார்.

இப்போது பாஸ்போர்ட் என் கழுத்தில் தொங்குகிறது. பை தோளை விட்டு இறங்குவதில்லை. புடாபெஸ்ட் ரயிலில் ஏறிவிட்டேன். இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போகிறேன்.