மொட்டையின் பூட்டு

வேலைத்தளத்தில் அவருக்கு நெட்டை என்றுதான் பெயர். இருபது வருடங்களாக அவரோடு ஜோடி போட்டு வேலை செய்தவர் மொட்டை. இருவரும் ஃபிட்டர்கள். நீரேற்று நிலையங்களில் பம்பை உட்கார வைத்து, மோட்டாரோடு மயிரிழை பிசகாமல் இணைப்பது பிழைப்பு. ஒரு தளம் முடிந்தால் தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த தளம். பிள்ளைகள் வளர்ந்ததைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கடைசித் தளம் மட்டும் மொட்டையின் வீட்டுக்குப் பக்கத்தில் அமைந்தது. "பொண்டாட்டி மூஞ்சிய மறக்கறதுக்குள்ள ஒரு வாய்ப்பு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம். பம்பில் கை வைக்கிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தம் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில். பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இன்னொருவர் அதைத் தொடக் கூடாது. பூட்டை மறந்து வீட்டுக்குப் போனவர் மறுநாள் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

அன்று மத்தியானம் மொட்டை நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வாயுதான். மிச்ச போல்ட்ட நீ இறுக்கிரு" என்று கிளம்பிப் போனார். பூட்டை எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வேலை மறுபடி தொடங்கியபோது பூட்டு அப்படியே தொங்கியது.

"அண்ணே, இன்னிக்குப் பம்ப ஓட்டிக் காட்டணும். கட்டர் வச்சு வெட்டிரலாமா?" என்றார் சூப்பர்வைசர். வயதில் சின்னவர், கேட்கவே கூச்சப்பட்டார்.

"வெட்ட வேணாம் சார். நான் போய்ச் சாவி வாங்கிட்டு வரேன்."

"மத்தியானத்துக்குள்ள வந்துருங்க. இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல."

மொட்டையின் வீட்டில் அவர் சட்டை ஆணியில் துவைக்காமலே தொங்கியது. அவர் மனைவி அதன் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"இது இப்ப எதுக்குண்ணே?"

நெட்டை விவரம் சொன்னார்.

"பூட்டு தொங்குனா அவரு உள்ள வேலை செய்றாருன்னு அர்த்தமா?"

"ஆமா தங்கச்சி."

"இன்னும் தொங்குதா?"

"தொங்குது."

அந்த அம்மாள் சாவியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். "அப்ப இன்னிக்கு ஒருநாள் கெடக்கட்டும்ணே. நாளைக்கு நானே தரேன்."

நெட்டை தெருவுக்கு வந்து போன் போட்டார். "சாவி கெடைக்கல சார். தேடிக்கிட்டு இருக்காங்க. நாளைக்குக் கொண்டாரேன்."

எதிர்முனையில் "கட்டர எடுத்து உள்ள வைங்கப்பா" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"நல்லாத் தேடச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லி சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சாவி கைக்கு வந்தது. நெட்டை பூட்டைத் திறந்து எடுத்தார். பம்பு ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடியது. எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"அடுத்த தளத்துல யாரோட ஜோடி போடுறீங்கண்ணே?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"பாக்கலாம் சார்" என்றவர், அந்தத் தளத்தோடு வேலையை விட்டுவிட்டார்.