வாய் சொன்னது, கை செய்யவில்லை

“மெயின் ஆஃப். பூட்டுப் போட்டாச்சு. சாவி பையில.”

மொட்டைமாடி மெஷின் ரூமில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் வாய்விட்டுத்தான் சொல்லுவார், ஒவ்வொன்றையும் விரலால் தொட்டபடி. அதன் பிறகே போனை எடுத்து, அடித்தளத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கக் காத்திருக்கும் கூட்டாளியிடம் “இறங்கு” என்பார். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சக தொழிலாளிகள் வைத்த பெயர் ‘மந்திரம்’. “ஓதி முடிச்சாச்சா?” என்று யாராவது சீண்டினால் கோபப்பட மாட்டார். “ஓதாம இறங்கிப் பாரு, உன்னைச் சுரண்டித்தான் எடுக்கணும்.”

அவர் கருவிப்பெட்டியில் இடதுகைக் கையுறைகள் ஐந்து உண்டு, வலதுகைக்கு ஒன்றும் கிடையாது. வீட்டில் அவர் பாதி குடித்த டீ ஜன்னல் கட்டையில் ஒன்று, டிவி மேல் ஒன்று என்று ஆறிக் கிடக்கும். மனைவி சொல்லுவாள்: “செருப்பை மாட்டுவாரு, பர்ஸை எடுக்க உள்ள வருவாரு, பர்ஸைத் தேடும்போது மூக்குக்கண்ணாடி கிடைக்கும், அதைத் துடைக்க உக்காந்துடுவாரு. கிளம்பினதே மறந்துபோயிருக்கும்.” ஆனால் பழுதான சர்க்யூட் பலகை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. “இதுக்கு மட்டும் எங்கேருந்துதான் வருதோ கவனம்” என்பது அவளுடைய நெடுநாள் சந்தேகம். அவருக்கும் அது விளங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய ‘பொறுப்பில்லாதவன்’ என்ற பட்டத்தை இந்த வயதுவரை உண்மையென்றே நம்பியிருந்தார்.

ஒன்பது வயது மகளின் வகுப்பாசிரியை எழுதிய கடிதம்தான் முடிச்சை அவிழ்த்தது. கணக்குப் பரீட்சையில் முதல் பக்கம் முழுவதும் சரி. மற்ற மூன்று பக்கங்களையும் அவள் புரட்டவே இல்லை. குழந்தைகள் மனநல மருத்துவர் அவளிடம் ஒரு மணி நேரம் பேசி, விளையாட வைத்து, கேள்வித்தாள்களை நிரப்ப வைத்து, கடைசியில் பெற்றோரை உட்காரச் சொன்னார்.

“இது சோம்பேறித்தனம் இல்ல, வளர்ப்புல குறையும் இல்ல. நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப்பகுதிதான் எதை முதல்ல செய்யணும், எதை அடக்கி வைக்கணும்னு பாத்துக்குது. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அது முதிர்ச்சியடைய சில வருஷம் கூடுதலா ஆகலாம். செய்தியைக் கடத்தற ரசாயனங்களும் கொஞ்சம் வேற விதமா வேலை செய்யுது. அதனாலதான் பிடிச்ச விஷயத்துல ஒட்டிக்கிட்டு மத்ததுல வழுக்கிடறா. அறிவுக்கு ஒரு குறைச்சலும் இல்ல.”

“பெரியவளானா சரியாயிடுமா டாக்டர்?” என்றாள் மனைவி.

“சிலருக்குக் குறையும். நிறையப் பேருக்கு உருவம் மாறும். ஓட்டம் வெளியே நின்னுடும், உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கும். இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது. உங்கள்ல யாருக்காவது...”

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மகளுக்குத் தான் கொடுத்தது இதுதானா என்பது பாதி பயம். மீதிப் பயம், குழிக்குள் இறங்குகிறவர்களின் உயிர் இத்தனை வருடம் எந்த மூளையை நம்பி இருந்தது என்பது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவியிடமிருந்து போன் வந்தது. மகள் ஸ்வெட்டரைப் பள்ளியில் விட்டுவிட்டாளாம், இந்த மாதத்தில் மூன்றாவது. பேசி முடித்து, கூட்டாளியிடம் “இறங்கு” என்றார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் மோட்டார் உறுமியது.

மெயின் ஸ்விட்ச் ஆஃப் ஆகாமல் மேலேயே நின்றது. பூட்டு அவர் கையில் திறந்தே இருந்தது.

வாய் சொல்லியிருந்தது, கை செய்திருக்கவில்லை. ஸ்விட்சை இழுத்துவிட்டு ஒன்பது மாடியும் படியில் ஓடி இறங்கினார். யாரோ தரைத்தளத்தில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். லிஃப்ட் பெட்டி இரண்டாவது மாடிவரை இறங்கி வந்து, அங்கேயே நின்றிருந்தது. குழிக்குள் இருக்கும் நிறுத்தப் பொத்தானைக் கூட்டாளி தட்டியிருந்தான். மேலே ஏறி வந்தவனின் முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது.

“விடுங்கண்ணே, ஒண்ணும் ஆகலையே. யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

“ஆகியிருந்தா?”

“ஆகலைல்ல?”

ஸ்விட்ச் ஏறியே நின்றது மட்டும் அல்ல. அது இறங்கிவிட்டது என்று தான் முழுதாக நம்பியதுதான் அவரை உலுக்கியது. இருபத்திரண்டு வருடத்தில் இதுபோல எத்தனை முறை வாய் மட்டும் சொல்லியதோ, யாரும் பொத்தானை அழுத்தாமல் போனதால் பிழைத்தவர்கள் எத்தனை பேரோ. நேராக மேற்பார்வையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். “இனிமே என்னை நம்பி யாரையும் குழில இறக்காதீங்க சார்.” மேற்பார்வையாளர் பேனாவை மூடினார், திறந்தார், பிறகு எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் பெரியவர்களைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஒருவர் அவருக்கும் மகளுக்கு இருக்கிற அதேதான் என்று சொன்னார், மாத்திரையும் எழுதினார். “மூளையில ஓட்டை ஏதும் இருக்கா டாக்டர்?” என்று கேட்டார் இவர். “ஓட்டையும் இல்ல, உடைசலும் இல்ல. இத்தனை வருஷம் இதைத் தனியாவே சமாளிச்சிருக்கீங்க, அதுதான் ஆச்சரியம்” என்றார் அவர்.

இப்போது அவருக்குப் பட்டறை மேசையில் சர்க்யூட் பலகைகளைப் பழுது பார்க்கும் வேலை. மருத்துவர் சான்று கொடுத்த பிறகுதான் மறுபடி கட்டடங்களுக்குப் போகலாம். அப்போதும் பூட்டியதை இன்னொருவர் கண்ணால் பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது என்கிறார். “தலைக்குள்ள நாலு ரேடியோ பாடிட்டிருந்துது. இப்ப ஒண்ணுதான்.” ஆனால் பயம் போகவில்லை. அந்த ஒரே ரேடியோவில் அது இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மகளை மருத்துவரிடம் காட்டிவிட்டு வெளியே வந்தார். மருத்துவமனை எதிரே நான்கு வழிச் சாலை. மருத்துவர் கேட்டதற்கு ‘மறக்கறப்ப மறக்கறேன்னே தெரியாது’ என்று அவள் சொன்ன பதிலை யோசித்தபடியே நடைபாதையிலிருந்து காலைக் கீழே வைத்தார். “அப்பா, பஸ்ஸு!” சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள் மகள். பஸ்ஸின் காற்று முகத்தில் அறைந்துவிட்டுப் போயிற்று.

சிக்னலில் பச்சை விழுந்தது. கூட்டம் கடந்து போயிற்று.

“அப்பா, போலாம். பச்சை.”

“இரு, இன்னொரு தடவை வரட்டும்.”

மறுபடி பச்சை வந்தது. அவர் மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிக்னல் சிவப்பாகும்வரை அசையாமல் நின்றார்.