பயம் தெளிய ஒரு மெட்ரோ அருங்காட்சியகம்

பதினொரு வருடமாக மொன்றியலில் இருக்கிறேன். மெட்ரோவில் ஒரேயொரு தடவைதான் ஏறியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். சின்ன வயதில் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு, நிலத்துக்குக் கீழே இறங்குவதென்றால் என்னவென்று தெரியும். நாங்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து எல்லா இடத்துக்கும் பஸ் போகிறதுதானே என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

இனி ஓட்ட முடியாது. நகரின் வடக்கே, அஹுன்ட்சிக்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்துவிட்டது; திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பஸ்சில் ஒன்றரை மணி நேரம், மெட்ரோவில் நாற்பது நிமிடம். கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறார், விடியமுன்பே போய்விடுவார். வேலையை விடுவதா, பயத்தை விடுவதா? சனிக்கிழமை காலை, உலக நகரங்களின் நிலத்தடி ரயில்களைப் பற்றிய சின்ன அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கிளம்பினேன். பேயைப் பகலில் பார்த்துவிடுவோம் என்ற எண்ணம்தான்.

அதுவும் அஹுன்ட்சிக்கில்தான் இருக்கிறது, மெட்ரோ நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர். நான் போனது, வேறென்ன, பஸ்சில். நுழைவு பன்னிரண்டு டொலர். சுவர் முழுக்க வரைபடங்கள்: லண்டன், பாரிஸ், டோக்கியோ, சென்னைக்குக்கூட ஒன்று. "யாழ்ப்பாணத்துக்குத்தான் இல்லை" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு வழிகாட்டிப் பெண் சிரித்தாள். பெயர் நித்யா. சென்னையிலிருந்து படிக்க வந்தவள், வார இறுதியில் இங்கே வேலை.

மேசையில் கிடந்த ஒரு மரக்கட்டையை எடுத்து நீட்டினாள். "மோந்து பாருங்க அக்கா. இந்த ஊர் பழைய மெட்ரோவோட பிரேக். கடலை எண்ணெயில ஊற வச்சது. பிரேக் போட்டா லேசா கருகின வாசனை வரும்."

"கச்சான் எண்ணெயோ?"

அட கடவுளே! அந்த ஒரேயொரு தடவை ஏறியபோது, கருகும் மணம் மூக்கில் அடித்ததும் ஏதோ பற்றி எரிகிறதென்று அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடியவள் நான். கச்சான் எண்ணெய்க்கா பதினொரு வருடம் பயந்தேன்? எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மண்டபத்தின் கடைசியில் பழைய நீல ரயில் பெட்டியொன்று நிற்கிறது. ஏறினேன். "தங்கச்சி, கதவைப் பூட்டேலுமோ?"

"பூட்டலாம் அக்கா. கை காட்டுங்க, திறக்கிறேன்."

கதவு மூடிக்கொண்டது. வேர்த்து ஊற்றியது. கையைக் காட்டவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே பயந்து திறந்துவிட்டாள்.

"ஏன் திறந்தனீர்? இன்னொருக்காப் பூட்டும்," என்றேன்.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்கள். உள்ளே சாப்பாடு இல்லை, பக்கத்திலுள்ள டெபனரில், அதுதான் தெருமுனைப் பெட்டிக்கடையில், சாண்ட்விச் கிடைக்கும். இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். என்னைப் போன்றவர்களுக்கு இன்னொன்று: திரும்பும்போது பஸ் எடுக்காதீர்கள். சூடு ஆறினால் பிறகு நடக்காது.

நான் எடுக்கவில்லை. மெட்ரோவில் ஏறினேன். நடுவழியில் சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டது. பிரெஞ்சில் ஏதோ அறிவித்தார்கள், பாதிதான் விளங்கியது. எதிரே இருந்த பெண் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சற்று நேரத்தில் ரயில் நகர்ந்து, அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது. இறங்கிவிடு என்று கால் சொன்னது. இறங்கவில்லை.

ஏறமுன்பே போனில் சொல்லியிருந்ததால், எங்கள் வீட்டுப் பக்கத்து வில்லா-மரியா நிலையத்து வாசலில் கணவர் காரோடு நின்றார். "என்னப்பா, பயந்திட்டீரோ?"

"ஓம், பயந்தனான்தான்."

"சரி, வாரும், காரிலை ஏறும்."

"நீங்கள் வீட்டை போய்ச் சோத்தைப் போடுங்கோ. நான் ஒருக்கா அஹுன்ட்சிக் போட்டு வாறன்."

"இப்பதானே அங்கையிருந்து வந்தனீர்?"

"அது வீட்டுக்கு வாற வழி. திங்கட்கிழமை நான் போகவேண்டியது மற்றப் பக்கமல்லோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படியிறங்கினேன்.