சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட்

எங்கள் வீட்டைப் பிரெஞ்சு வீடு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழ்க்கட்டு அச்சு அசல் தமிழ் வீடு: நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள். சைகோனில் குமாஸ்தாவாக இருந்து திரும்பிய கொள்ளுத்தாத்தா, துரைமார் வந்தால் மதிக்க வேண்டுமே என்று மேலே மட்டும் வளைவு ஜன்னல்கள் வைத்து ஒரு மாடியை ஏற்றினார். துரை ஒருவரும் வரவில்லை. அந்தப் பெரிய கூடத்தில் வருடத்துப் புளியும் பழைய பாய்களும்தான் குடியிருந்தன.

போன வருடம் பாரிசிலிருந்து வந்த அண்ணனுக்கும் அதே பைத்தியம் பிடித்தது. மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவானாம். கீழே அம்மா இருக்கலாமாம். எண்பது தாண்டிய அம்மா கேட்டதும் அது ஒன்றுதான். முற்றத்தை ஒட்டிய தன் அறையிலேயே கடைசிவரை இருக்க வேண்டும்.

"தமிழ் வீடுன்னா எவன்டா வருவான்? மஞ்சள் அடிச்சு வெள்ளைக் கோடு போட்டாத்தான் போட்டோ எடுப்பான்" என்றான் அண்ணன்.

மஞ்சள் பளிச்சென்று நிற்க வேண்டுமென்று, உள்ளும் புறமும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னான். பழைய சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. இது கொத்தனாருக்குத் தெரியும். எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். முப்பது வருடம் கட்டட ஓவர்சியராக இருந்து, அடுத்தவர் சுவர்களைத் தட்டித் தட்டிக் குறை சொல்லியே ஓய்வு பெற்றவன் நான்.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் மகனைப் பாரிசுக்குக் கூப்பிட்டுக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருந்தான். அதற்காக, "நல்லா எடுப்பா இருக்குண்ணா" என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். வெட்கங்கெட்டவன்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தது. தெருவில் பயணிகள் குடை பிடித்துக்கொண்டு மஞ்சள் சுவரைப் படம் எடுத்தார்கள். உள்ளே அம்மாவின் அறைச் சுவர் உப்பிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் காலையில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளையாக அம்மா பல் விளக்கப் போயிருந்தார்.

பாரிசுக்குத் திரும்பிவிட்ட அண்ணன் போனில் கொத்தனாரைத் திட்டினான். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

லாஸ்பேட்டையில் என் வீட்டுக்கு அழைத்துப் போக அம்மாவின் புடவைகளைப் பையில் அடுக்கினேன். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு இதெல்லாம் தெரியாது, வுடு" என்றார். "உனக்குத் தெரியும்தானடா?"

நான் பையின் ஜிப்பை மூடுவதில் மும்முரமாக இருந்தேன்.